ஆச்சியின் முகமும் ஐ-ஃப்ரேமும்

சித்தி கல்யாண விசிடியில் கடைசி நாலு நிமிஷம் குற்றாலம். 2004. கல்யாணம் தென்காசியில். மறுநாள் மொத்தக் குடும்பமும் வேன் ஏறி ஐந்தருவிக்குப் போனபோது வீடியோக்காரரும் கூடவே வந்தார். ஆச்சி தலை துவட்டிக்கொண்டே கேமராவைப் பார்த்து 'போதும்ல, போ' என்று கையை வீசுவாள். கட். அடுத்த ஷாட் அருவி. ஆச்சி அசைந்து பேசும் பதிவு எங்களிடம் இது ஒன்றுதான்.

போன வருஷம் அந்த கட்டில்தான் கை வைத்தேன்.

வீடியோ ஃபைல் ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுப் படமாக வைத்திருக்காது. அவ்வப்போது ஒரு முழுப் படம் வரும், அதுதான் ஐ-ஃப்ரேம். நடுவில் வருபவை பெரும்பாலும் 'இந்தக் கட்டம் இவ்வளவு நகர்ந்தது' என்கிற குறிப்புகள். விசிடியை எக்ஸ்விட்டுக்கு மாற்றி, அருவி ஷாட்டின் ஐ-ஃப்ரேமைத் தூக்கிவிட்டேன். பிளேயருக்கு ஷாட் மாறியதே தெரியாது. ஆச்சியின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரின் நகர்வை அதன்மேல் ஓட்டும். முகம் கீழே கீழே வழியும். இதற்கு டேட்டாமாஷிங் என்று பெயர். கான்யே வெஸ்ட்டின் 'வெல்கம் டு ஹார்ட்பிரேக்' வீடியோ 2009இல் இதைப் பெரிய கூட்டத்துக்குக் கொண்டுபோனது.

பார்க்க அழகாக இருந்தது. எனக்கு உறுத்தியதும் அதுதான்.

ரோசா மெங்க்மன் 2010இல் செய்த 'எ வெர்னாகுலர் ஆஃப் ஃபைல் ஃபார்மட்ஸ்' நினைவுக்கு வந்தது. ஒரே படத்தை ஜேபெக், ஜிஃப், பிஎன்ஜி என்று பல ஃபார்மட்டுகளில் சேமித்து, ஒவ்வொன்றிலும் பிழையை நுழைத்திருப்பார். ஒவ்வொன்றும் தன் வழியில் உடையும். ஒழுங்காக ஓடும்வரை நாம் கண்டுகொள்ளாத இயந்திரம் அங்கே தெரியும். மொபைல் ஆப்பில் ஒரு தட்டுத் தட்டினால் வருகிற சிவப்பு-நீலக் கோடுகளில் இது கிடையாது. எதுவும் உடையாமலே உடைந்த மாதிரி காட்டுகிற ஒப்பனை அது. ஆனால் மெங்க்மன் உடைத்தது தன் முகத்தை. நான் உடைத்தது கேட்டு அனுமதி வாங்க முடியாத ஒருத்தியின் முகத்தை. அதுவும் ஹார்ட் டிஸ்கில் இரண்டு காப்பி பத்திரமாக வைத்துக்கொண்டு. காலாவதியாகும் தொழில்நுட்பத்தைப் பற்றி நாங்கள் எழுதுகிற பல கலைக்குறிப்புகளில் இந்த பேக்கப் பற்றிப் பேச்சே இருக்காது.

அம்மாவிடம் காட்டினேன். "ஏல, எங்கம்மா மொகத்த ஏன் இப்படி உருக்கி வச்சிருக்க?" என்றாள். சாஃப்ட்வேர் விளக்கம் எதுவும் வாயில் வரவில்லை.

பழைய விசிடியும் ஒன்றும் சுத்தமில்லை. 352×288 படம், நொடிக்கு 1150 கிலோபிட். அருவியைத் தாங்க அது போதாது. ஒரு துளியும் அடுத்த ஃப்ரேமில் அதே இடத்தில் இருப்பதில்லையே. கலை எதுவும் செய்யாமலே ஐந்தருவி கட்டம்கட்டமாகத்தான் விழும். போதாததற்கு, ஆச்சி கையைத் தூக்கும் இடத்தில் ஒரு கீறல்.

மாற்றாத ஃபைலை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். கை பாதியில் நின்றது, முகம் சதுரங்களாகச் சிதறியது. தள்ளிவிடலாமா என்று விரலைக் கொண்டுபோனேன்.

"இரு, அந்த எடத்துல அப்படித்தான் நிக்கும். இப்ப வந்துருவா," என்றாள்.