‘மதர் 2’: நகைப்பும் அதன் எல்லையும்

விடியோ விளையாட்டொன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், ஒரு சமுதாயம் தன்னைத்தானே எள்ளி நகையாடும் முறை எவ்வடிவத்தில் வெளிப்படினும் ஆராயற்பாலதே என்பது எமது கருத்து. யப்பானில் நின்ரென்டோ நிறுவனம் 1994 ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் வெளியிட்ட ‘மதர் 2’, வேற்றுலகச் சக்தியொன்றை எதிர்க்கப் புறப்படும் சிறுவர் நால்வரின் கதை. விளையாடுவோர் அச்சிறுவரின் பாத்திரமேற்று ஊரூராகச் செல்வர். அடுத்த ஆண்டு ‘ஏர்த்பவுண்ட்’ என்னும் பெயரில் அது அமெரிக்காவிலும் வெளிவந்தது. இதனை எழுதிய ஷிகெசாற்றோ இற்றோய் விளம்பர வாசகங்களாற் புகழ்பெற்றவர். 1980களிற் செய்பு அங்காடி நிறுவனத்துக்காக எழுதியவர். நுகர்வை வளர்க்கும் மொழியிற் பயின்ற ஒருவர் நுகர்வுச் சமுதாயத்தை எள்ளும்போது அவ்வெள்ளல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே நாம் எழுப்பும் வினா.

விஞ்ஞானப் புனைகதை மரபினை இவ்வாக்கம் தொடக்கத்திலேயே தலைகீழாக்குகின்றது. பத்தாண்டு எதிர்காலத்திலிருந்து எச்சரிக்க வந்த பூச்சியுருவத் தூதன், அயல்வீட்டுப் பெண்ணின் கையால் ஈயைப்போல் அடிபட்டு மாள்கின்றான். ஆயுதங்கள் பந்தடி மட்டையும் பொரிக்கும் சட்டியும். உடல் தேற உண்பது ஹம்பேகர். எதிர்ப்படும் பகைவருள் முரட்டுப் பொலிசாரும் எரிந்துவிழும் மாதரும் உளர். களமோ அமெரிக்கப் புறநகரை ஒத்த ஈகிள்லாந்து. போருக்குப் பிந்திய யப்பானிய நடுத்தர வர்க்கம் கனவுகண்ட வாழ்வே இங்கு கேலிச்சித்திரமாகின்றது எனலாம்.

இவ்வெள்ளலின் கூர்மை தந்தையின் பாத்திரத்திற் புலனாகும். நாயகனின் தந்தை ஒருபோதும் காட்சியில் தோன்றுவதில்லை. தொலைபேசியிற் குரலாகவும் வங்கிக் கணக்கிற் சேரும் பணமாகவுமே அவர் இருக்கின்றார். வீட்டைப் பிரிந்த சிறுவனுக்கு வீட்டேக்கம் ஒரு நோயாகவே வரும். அப்பொழுது அவன் போரிலும் தடுமாறுவான். தாயுடன் தொலைபேசியிற் பேசினால் அது தீரும். தொழில் தந்தையரை விழுங்கிவிட்ட குடும்பத்தின் நிலையை விளையாட்டின் விதிகளே உணர்த்துகின்றன. உள்ளடக்கமும் உருவமும் ஒன்றிய இடம் இதுவே.

எனினும், காரணங்களை நாடுமிடத்து நகைப்புத் தயங்குகின்றது. ஊரையே நீலநிறமாக்கும் மதக்குழுத் தலைவன் கார்பெயின்ரரும் போர்சைட் நகரை ஆட்டிப்படைக்கும் செல்வன் மொனொற்றோலியும் ஒரே பொற்சிலையின் மாயத்துக்கு ஆட்பட்டவர்கள். அம்மாயம் நீங்கியதும் இருவரும் தவறுணர்கின்றனர். ஆட்டம் வெளியாகி ஏழு மாதங்கள் நிறையுமுன், 1995 மார்ச்சில், ஓம் ஷின்ரிக்கியோ என்னும் மதக்குழு ரோக்கியோ சுரங்க ரயில்களில் நச்சுவாயுவைப் பரப்பியது. அதற்கு மாயச்சிலை எதுவும் தேவைப்படவில்லை. பேராசைக்கும் குருட்டுப் பக்திக்கும் வேர் சமுதாயத்துக்கு வெளியே உள்ளது என்ற பொய்யான ஆறுதலையே இவ்வாக்கம் இங்கு தருகின்றது.

ஆயினும் முடிவு வேறொன்றைச் சொல்கின்றது. ‘கீக்’ எனப்படும் இறுதிப் பகைவனை ஆயுதத்தால் மட்டும் வெல்ல முடிவதில்லை. சிறுமி போலா வேண்ட, வழியிற் சந்தித்த சாதாரண மக்கள் தத்தம் இடங்களிலிருந்து சிறுவருக்காகப் பிரார்த்திக்கின்றனர். ஈற்றில், முன்னரே கேட்டறிந்து பதிந்த விளையாடுபவரின் சொந்தப் பெயரும் அவ்வேண்டுதலில் இடம்பெறுகின்றது. வெற்றி தனிநாயகனுக்கு உரியதன்று என்பது இதனாற் பெறப்படும். பிரார்த்தனை சமுதாய மாற்றத்துக்கான கருவியன்று. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. நோயின் காரணத்தை வானத்தில் தேடிய படைப்பாளி, அதற்கான மருந்தையேனும் மக்களிடையே கண்டார். அவ்வளவில் இவ்வாக்கம் முற்போக்கு வாசகரின் கவனத்துக்கு உரியதே.