ஐந்து நிமிட நிறுவலும் அதன் பிறகும்

2003 மே 27 அன்று வெளியான வேர்ட்பிரஸ், தொழில்நுட்பம் அறியாதவரும் சொந்தமாக வலைப்பதிவு அமைக்க வழிசெய்த கட்டற்ற மென்பொருள். 'புகழ்பெற்ற ஐந்து நிமிட நிறுவல்' என்று அதன் கையேடே பெருமை பேசும். தரவுத்தளப் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். இன்று பல வழங்கி நிறுவனங்களில் ஒரு சொடுக்கே போதும். அந்த அளவில் கூற்று பொய்யல்ல.

சொல்லாமல் விட்டதில்தான் குறை. களப்பெயரும் வழங்கி இடமும் வாடகைக்கு எடுப்பவை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் சாத்தனூர் கல்மரம், காரைப் புதைபடிவங்கள், கங்கைகொண்ட சோழபுரம் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியவையும், சந்தா நின்றால் மறைந்துவிடும். (கல்மரம் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.) இலவச இடமும் நிலையானதல்ல, 2009 அக்டோபரில் யாகூ ஜியோசிட்டீசை மூடியது.

மாற்று வழி வேர்ட்பிரசிலேயே உண்டு. 'கருவிகள்' பகுதியிலுள்ள 'ஏற்றுமதி', பதிவுகளையும் பின்னூட்டங்களையும் எக்ஸ்எம்எல் கோப்பாகத் தரும். ஆனால் படங்களின் முகவரி மட்டுமே அதில் இருக்கும், படங்கள் இரா. அவற்றைப் பதிவேற்ற அடைவிலிருந்து தனியே நகலெடுக்க வேண்டும். புதைபடிவம் பற்றிய பதிவில் படமே பாதி ஆதாரம். நிறுவும் பக்கத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.