கூற்றும் களனும்: தனிப்பாடல் மரபு நோக்கில் சமூக ஊடகம்

தோற்றுவாய்

இராசபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருவழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்துள்ளது சேத்தூர். நூல் வழக்கில் சேற்றூர் என்று எழுதப்பெறும் இப்பெயர், ‘காற்று’ என்பது ‘காத்து’ என மருவினாற்போலப் பேச்சு வழக்கில் சேத்தூர் ஆயிற்று. முன்னர்ப் பாளையமாகவும் பின்னர்ச் சமீனாகவும் விளங்கிய இவ்வூர், தமிழ்ப் புலவரைப் புரந்த ஊர்களுள் ஒன்று. இதனை அடுத்துள்ள முகவூரில் தோன்றிய கவிராயர் குடும்பத்தார் இச்சமீனின் ஆதரவைப் பெற்றுத் தமிழ் வளர்த்தனர். அக்குடும்பத்தவராகிய மு. ரா. கந்தசாமிக் கவிராயர் தொகுத்த ‘தனிச்செய்யுட் சிந்தாமணி’ 1908-ஆம் ஆண்டில் மதுரையில் அச்சாயிற்று.

அந்நூலை ஈண்டு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. சமூக ஊடகத்தால் விளையும் நன்மை தீமைகளைப் பற்றி இன்று மாணவர் கட்டுரை வரைகின்றனர், பட்டிமன்றத்தார் வழக்காடுகின்றனர். அவருள் பலர் நன்மை ஐந்து, தீமை ஐந்து என எண்ணிக் காட்டி, ‘அளவோடு பயன்படுத்துக’ என்று கூறி அமைகின்றனர். எந்த அளவு, எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினாவுக்கு அவர்பால் விடையில்லை. எடை போட வேண்டுமாயின் எடைக்கல் வேண்டும். அவ்வெடைக்கல் நம் செய்யுள் மரபிலேயே உள்ளது என்பதும், தனிப்பாடல்களின் வரலாறு அதனைப் பயன்படுத்தும் முறையைக் காட்டுகின்றது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாம்.

தனிப்பாடல் என்னும் பழைய ஊடகம்

காப்பியமும் புராணமும் அவையில் அரங்கேறின. ஏடுகளில் முழுமையாகப் படியெடுக்கப்பெற்றன. தனிப்பாடலின் நிலை வேறு. ஒரு நிகழ்ச்சியைக் கண்ட அளவில் பாடப்பெற்று, கேட்டார் ஒருவர் மற்றொருவர்க்கு உரைக்க, ஊர்விட்டு ஊர் சென்றது அது. சோறிட்டவரைப் புகழ்வதும், இடாதவரை இகழ்வதும், எதிரிப் புலவரை மடக்குவதும், நகைப்பூட்டுவதும் அதன் தொழில்கள். அளவிற் சிறியது; உடனே பயன் தருவது; கைமாறிக்கொண்டே இருப்பது. இன்று முகநூலிலும் வாட்சப்பிலும் உலவும் சிறு பதிவுகளின் இயல்பும் இதுவே.

தனிப்பாடலின் குறைகளும் இன்றைய குறைகளை ஒத்தனவே. காலத்தால் வேறுபட்ட பல புலவர்களின் பாடல்கள் ஒளவையார் என்னும் ஒரே பெயரின்கீழ் வந்து சேர்ந்தன. நகைச்சுவையுடன் சிலேடை அமைந்தால் அது காளமேகத்தின் கணக்கில் ஏறிற்று. கம்பரும் ஒட்டக்கூத்தரும் புகழேந்தியும் எதிரெதிர் நின்று பாடியனவாக வழங்கும் பாடல்களைக் காலவாராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். புகழுடையார் பெயரைச் சார்ந்தாலன்றித் தன் பாட்டு நடவாது என்று அஞ்சிய பெயரறியாப் புலவர் அன்றும் இருந்தனர் போலும். அப்துல் கலாம் கூறாத பொன்மொழிகள் அவர் படத்தோடும், பாரதியார் பாடாத வரிகள் அவர் தலைப்பாகையோடும் இன்று வலம்வருதல் இம்மரபின் தொடர்ச்சியேயாம்.

19-ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவில் தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் தனிப்பாடற்றிரட்டினைத் தொகுத்தார். அவ்வழியில் தொகுத்தவர் முகவூர்க் கவிராயரும். வாய்மொழியாய் அலைந்தவற்றைத் தேர்ந்து, பாடியோர் பெயரோடு சேர்த்து வைத்தமையால், மறைந்திருக்க வேண்டிய பாடல்கள் நமக்குக் கிடைத்தன. அவர்தம் தொகுப்பில் பிழையே இல்லை என்று கூறுவார் இலர். ஆயினும், ‘இது யார் கூற்று?’ என்று கேட்க வேண்டும் என்னும் உணர்வு அவர்பால் இருந்தது. அவ்வுணர்வே இங்குக் கருதத்தக்கது.

எடைக்கல்

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்கு 34 உறுப்புகள் கூறுகின்றார். எழுத்தும் சீரும் அடியும் போன்ற வடிவ உறுப்புகளோடு, கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பனவற்றையும் அவர் உறுப்பாகக் கொண்டமை ஆழ்ந்து நோக்கற்பாலது. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எவ்விடத்தே, எப்பொழுது, எதன்பொருட்டு என்னும் இவற்றைச் சொல்லுக்குப் புறம்பானவை என்று அவர் விலக்கவில்லை. கை கால் இழந்த உடல் போலவே, இவற்றை இழந்த செய்யுளும் உறுப்புக் குறைந்ததே. புறநானூற்றுச் செய்யுட்களின் அடியில் பாடினோரையும் பாடப்பட்டோரையும் திணை துறைகளையும் குறித்துச் செல்லும் பழங்குறிப்புகள் இவ்வுண்மையைக் கடைப்பிடித்தவர் செயலேயாம். குறுந்தொகை 40-ஆம் செய்யுளின் ஆசிரியர் பெயர் தெரியாதபோது, அச்செய்யுளின் உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வழங்கினர். தெரியாத பெயருக்கு வேறொருவர் பெயரை இட்டு நிரப்பாத நேர்மை அது.

இவ்வைந்தனையும் கொண்டு சமூக ஊடகத்தை ஆராய்வோம்.

கூற்று

கூற்றுக்கு உரியோர் தொகை பெருகியமையே சமூக ஊடகத்தின் முதற்பெரு நன்மை. பாரதியாரின் செய்யுட்களுள் முதன்முதல் அச்சேறியதாக அறியப்படுவது 1904-ஆம் ஆண்டில் மதுரை ‘விவேகபாநு’ இதழில் வெளிவந்தது. எட்டயபுரத்து இளைஞரின் பாட்டு உலகைக் காண்பதற்கு ஓர் இதழாசிரியரின் இசைவு வேண்டியிருந்தது. இன்று சேத்தூரில் நூற்பாலைக்குச் செல்லும் பெண்ணொருத்தி தன் பாட்டை வெளியிடுதற்கு எவர் இசைவும் வேண்டா. புரவலரையும் பதிப்பாளரையும் அண்ட இயலாதவர்க்கு இஃது எளிய பேறன்று. 2017-ஆம் ஆண்டு சனவரியில் சல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவிலும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் இளைஞர் திரண்டபோது, தனித் தலைவர் ஒருவரின்றியே பல்லாயிரவரின் கூற்று ஒருங்கே எழுந்ததும், அம்மாதம் 23-ஆம் நாள் சட்டமன்றம் திருத்தச் சட்டம் இயற்றியதும் யாவரும் அறிந்தவை.

ஆயினும், கூறுவார் பலரானபோது கூறியவர் யார் என்பது மறைதலும் உண்டு. 2018-ஆம் ஆண்டு முதல் வாட்சப் நிறுவனம், பிறரிடமிருந்து பெற்று அனுப்பப்படும் செய்திக்கு அடையாளம் இடத் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே இந்தியாவில் ஒருவர் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கே அனுப்பலாம் என்று வரையறுத்தது. பலர் கைமாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என 2020-இல் மேலும் சுருக்கிற்று. இவை விரைவைத் தணிப்பன, வரவேற்கத்தக்கன. எனினும் அவ்வடையாளம் ‘இது பிறர் சொல்’ என்று மட்டுமே உணர்த்தும். எவர் சொல் என்று உணர்த்தாது. கூற்று என்னும் உறுப்பு அதனால் நிரம்பவில்லை.

கேட்போரும் களனும்

சீட்டுக்கவி என்பது ஒருவரை நோக்கி விடுக்கும் பாட்டு. 1919-ஆம் ஆண்டில் எட்டயபுரம் மன்னர்க்குப் பாரதியார் விடுத்த சீட்டுக்கவியை நாம் இன்று படிக்கும்போதும், அதன் கேட்போர் அம்மன்னரே என்பதை மறப்பதில்லை. சமூக ஊடகத்திலோ நண்பர் சிலர்க்கென எழுதியது ஒரு நாளில் பகைவர் அவையில் படிக்கப்படுகின்றது. கேட்போர் மாறுதலின் நகை வசையாகின்றது, ஐயம் துணிபாகின்றது.

களன் மாறுதலின் கேடு இதனினும் கொடியது. 2018-ஆம் ஆண்டு இந்தியாவில் பிள்ளை பிடிப்போர் பற்றிய வதந்தியோடு பரவிய படங்களுள் ஒன்று, பாகிஸ்தானத்தின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பை அறிவுறுத்துதற்கு எடுக்கப்பெற்றது. கடத்துவதாக நடித்தவர் குழந்தையைத் திருப்பி விட்டு அறிவுரை காட்டும் இறுதிப் பகுதியை நீக்கியபின், எஞ்சியது கடத்தல் காட்சியே. அவ்வாண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயில் வழிபாட்டுக்காகச் சென்னையிலிருந்து வந்த முதியவள் ஒருத்தி, வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தாள். பிள்ளை பிடிப்பவள் என்று ஐயுற்ற கூட்டத்தார் அவளை அடித்துக் கொன்றனர். குழந்தைக்கு இனிப்பீதல் நம் ஊர்களில் அன்பின் செயலாகவே என்றும் கருதப்பட்டது. களன் இழந்த செய்திகள் அவ்வன்பின் பொருளையே மாற்றிவிட்டன. உறுப்பிழந்த சொல் உயிரையும் வாங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இலக்கிய உலகும் இதற்கு விலக்கன்று. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்த புதினம். நான்கு ஆண்டுகள் கழித்து அதன் சில பக்கங்கள் மட்டும் பிரித்தெடுத்துப் பரப்பப்பட்டன. பாத்திரங்களின் துயரமும் கதைப்போக்கும் நீங்க, ஊரைப் பழிக்கும் கூற்றாக அவை கொள்ளப்பட்டன. 2015 சனவரியில், எழுத்தாளனாகிய தான் இறந்துபட்டதாக அவர் அறிவித்ததும் முகநூலிலேயாம். அவ்வறிவிப்பைப் படித்தவர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் அவர்க்காகக் குரல் எழுப்பினர். 2016 சூலை 5-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பகுதியைப் பிரித்துப் பரப்புதல் ஒரு நூலாசிரியரை ஊமையாக்கியது. தன் கூற்றைத் தானே முழுமையாக வெளியிடும் வாய்ப்பு அவர்க்குத் துணை தேடித் தந்தது. ஒரே நிகழ்ச்சியில் இவ்விரண்டும் காணப்படுதலின், நன்மை தீமைகளை ஊடகத்தின்மேல் ஏற்றாது, உறுப்புகளின் நிறைவு குறைவின்மேல் ஏற்றுதலே பொருந்தும்.

காலம்

2015 திசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, படகும் உணவும் மருந்தும் வேண்டுவோரைக் கொடுப்போரோடு இணைத்தவற்றுள் சமூக ஊடகம் தலையாயது. நாளும் நாழிகையும் குறித்த வேண்டுகோள் உயிர் காத்தது. அவை குறியாத வேண்டுகோளோ, உதவி கிடைத்தபின்னும் ஓயாது சுற்றி, உழைப்பாரின் நேரத்தை விழுங்கிற்று.

காலத்தைப் பற்றி மற்றொன்றும் கூறல் வேண்டும். ஊடகத்தில் இட்டது அழியாது என்பர், அஃது உண்மையன்று. ஆர்க்குட் தளம் 2014-லும், கூகுள் பிளஸ் தளம் 2019-லும் மூடப்பட்டன. அவற்றில் எழுதியோர் தாமே படியெடுத்து வைத்திலராயின், அவர் எழுத்து அவற்றோடு மறைந்தது. பனையோலைக்குக் கரையான் பகை. இதற்கு நிறுவனத்தின் கணக்கேடே பகை.

பயன்

சேற்றூர் அவையில் பாடிய புலவர் தம் புரவலர் யார் என்பதை அறிவார். கேட்போரும், புகழ்ச்சிக்குப் பின்னே பரிசில் உண்டு என்பதை அறிந்தே கேட்டனர். இன்றைய புரவலர் விளம்பர வருவாயால் வாழும் நிறுவனத்தார். படிப்போர் எவ்வளவு நேரம் தம் தளத்தில் தங்குகின்றனரோ அவ்வளவுக்கு அவர்க்கு ஊதியம். ஆகலின், சினமூட்டுவதும் வியப்பூட்டுவதும் முன்னிற்க, அமைந்து சிந்திக்க வேண்டுவது பின்தங்குகின்றது. பரிசில் பெறாத புலவர் பாடிய வசை ஒரு வள்ளலைச் சுட்டது. பரிசில் எவர்க்குச் செல்கின்றது என்றே அறியாது நாம் பரப்பும் வசை ஊரையே சுடுகின்றது.

ஒரு தடை

இவ்வொப்புமைக்குத் தடை ஒன்று எழலாம். தனிப்பாடல் மெல்ல நடந்தது. யாப்பு அதன் சொற்களைக் கட்டிக் காத்தது. நினைவில் நிற்கும் தகுதியில்லாதன தாமே உதிர்ந்தன. இன்றைய பதிவுக்கு யாப்புமில்லை, உதிர்தலுமில்லை. இரண்டும் எவ்வாறு ஒக்கும் என்பர். தக்க தடையே. ஆனால் அஃது எம் கருத்துக்கு அரண் செய்கின்றது. முன்னர் மறதியும் யாப்பும் செய்த பணியை இனிப் படிப்போரே செய்தல் வேண்டும். விரைவு மிகுந்தோறும் ‘யார் கூற்று?’ என்னும் வினா முன்னினும் இன்றியமையாததாகின்றது.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192-ஆம் செய்யுள் இதற்கு நல்லதொரு சான்று. உலகத்தோரை உறவாகக் கொள்ளும் அதன் முதலடியைப் பகிராத தமிழர் அரியர். அச்செய்யுளோ, நன்மையும் தீமையும் பிறரால் வாரா என்பதில் தொடங்கி, பெரியோர் என்று எவரையும் வியவாமையிலும், சிறியோர் என்று இகழ்தலை அதனினும் மிகுதியாக விலக்குதலிலும் சென்று முடிகின்றது. தலைவர்களையும் நடிகர்களையும் அளவின்றி வியந்தும், எளியோரை எள்ளியும் பொழுது கழியும் ஓரிடத்தில், அங்கு வேண்டப்படும் மருந்தாகிய இறுதியடிகளை விடுத்து முதலடியை மட்டும் பரப்புகின்றோம்.

முடிபு

சமூக ஊடகம் கூறுவோர் தொகையைப் பெருக்கியமை பெருநன்மை. அந்நன்மையை இழக்க ஒருப்படலாகாது. கூற்றையும் கேட்போரையும் களனையும் காலத்தையும் களைந்து சொல்லை மட்டும் ஓடவிடுதலே அதன் தீமைகளுள் பெரும்பாலனவற்றுக்கு வேர். அவ்வேரைக் களைதல் சட்டத்தால் மட்டும் ஆகாது; கல்வியால் ஆகற்பாலது. தமிழ்த்துறைகள் இதற்கு இரண்டு பணிகளை மேற்கொள்ளலாம். செய்யுளியலின் இவ்வைந்து உறுப்புகளைக் கற்பிக்கும்போது, அன்று காலை மாணவர் கைப்பேசிக்கு வந்த செய்தி ஒன்றையே எடுத்து ஆராயச் செய்தல் ஒன்று. ஊடகத்தில் வெளிவரும் நல்ல தமிழ்ப் பாட்டையும் உரையையும், எழுதியோர் இசைவுடன், பெயரும் நாளும் சூழலும் குறித்துத் தொகுத்தல் மற்றொன்று. கரையான் முந்துமுன் தனிச்செய்யுட்களைத் தேடிச் சேர்த்த முகவூர்க் கவிராயரின் பணி இன்னும் முடியவில்லை. அதனைத் தொடர்வார் வேண்டும்.