திருவாசகமும் வாசகரின் கண்ணீரும்

திருவாசகம், மாணிக்கவாசகர் பாடிய சைவ பக்தி நூல். பன்னிரு திருமுறைகளில் திருக்கோவையாருடன் சேர்த்து எட்டாம் திருமுறையாக வைக்கப்பட்டுள்ளது. சிவபுராணம் முதல் அச்சோப்பதிகம் வரை 51 பகுதிகளும் 658 பாடல்களும் கொண்டது (பாடல் எண்ணிக்கையில் பதிப்புக்குப் பதிப்பு சிறு வேறுபாடு உண்டு). வாசிப்பவரை அழவைக்கும் நூல் எது என்று தமிழில் கேட்டால் முதலில் சொல்லப்படும் பெயர் இதுதான். இதற்கு உருகாதவர் வேறெந்தச் சொல்லுக்கும் உருகமாட்டார் என்னும் பொருளில் ஒரு பழமொழியே வழங்குகிறது. அந்தப் பழமொழி நூலுக்குப் பெருமை சேர்த்தது. ஆனால் நூலை எப்படி வாசிப்பது என்பதைக் கொஞ்சம் குழப்பியும் விட்டது.

புட்டுத்தோப்பு

மதுரையில் வைகையின் தென்கரையில் உள்ள ஆரப்பாளையத்தை வெளியூர்க்காரர்கள் பேருந்து நிலையத்தை வைத்தே அறிவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அங்கே புட்டுத்தோப்பும் உண்டு. மீனாட்சி அம்மன் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில், பிட்டுக்கு மண் சுமந்த லீலை நடப்பது இங்கேதான். அன்று சொக்கநாதரும் மீனாட்சியும் கோயிலை விட்டுப் புறப்பட்டு ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வருகிறார். மேலூருக்கு அருகிலுள்ள திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வருகிறார். திருவாதவூர் அவர் பிறந்த ஊர்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததே. பாண்டியனின் அமைச்சராக இருந்த வாதவூரர் குதிரை வாங்கக் கொண்டுபோன பொருளைத் திருப்பெருந்துறையில் இறைப்பணிக்குச் செலவிட்டார். நரிகள் குதிரைகளாகி வந்து, இரவில் மீண்டும் நரிகளாயின. மன்னன் அவரைத் தண்டித்தபோது வைகை பெருகிக் கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் கிழவிக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொண்டு சிவனே கூலியாளாக வந்தார். தின்றார், ஆடினார், தூங்கினார், வேலை செய்யவில்லை. மன்னன் பிரம்பால் அடித்த அடி எல்லா உயிர்கள் மேலும் பட்டது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் வாதவூரருக்கு உபதேசித்ததில் தொடங்கி மண் சுமந்தது வரை 58 முதல் 61 வரையுள்ள நான்கு படலங்களில் இவற்றை விரித்துச் சொல்கிறது.

இந்தக் கதையைக் கேட்டு யாரும் அழுவதில்லை. குழந்தைகள் சிரிப்பார்கள். சோம்பேறிக் கூலியாளும், ஊரே முதுகைத் தடவிக்கொண்டு நிற்கும் காட்சியும் சிரிப்புக்குரியவைதான். திருவாசகத்தைத் திறந்தால் அதே நிகழ்ச்சி வேறு தொனியில் வருகிறது. திருவம்மானையில் எட்டாம் பாடல் மண் சுமந்ததையும் கூலி பெற்றதையும் அடிபட்டதையும் அடுக்கிக்கொண்டே போய், பொன்னான மேனியில் ஏற்பட்ட புண்ணில் வந்து நிற்கிறது. பிரம்படி ஊர் முழுவதும் பட்டது என்னும் அதிசயத்தை அந்தப் பாடல் பேசவே இல்லை. தனக்காக அடிபட்டவனின் உடம்பு மட்டுமே அதன் கண்ணில் படுகிறது. புராணம் அதிசயத்தைச் சொல்கிறது, பாடல் காயத்தைப் பார்க்கிறது. திருவாசகம் ஏன் அழவைக்கிறது என்பதற்கான விடையின் ஒரு பாதி இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

அழுகை பிறக்கும் இடங்கள்

மதுரை வட்டாரத்தில் அழவைக்கும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஏழு குழந்தைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காள் கதையும், மேடையில் விடிய விடிய நடக்கும் அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டமும் தலைமுறை தலைமுறையாகப் பெண்களையும் ஆண்களையும் அழவைத்தவை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நாடகச் சபை தொடங்கிய காலத்திலும் கூட்டம் அழுவதற்கென்றே வந்தது என்று சொன்னால் மிகையாகாது. இக்கதைகளில் அழுகை பிறர் துன்பத்தைப் பார்த்து வருவது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மேடையில் இருக்கிறாள், அழுபவர் கீழே இருக்கிறார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், பழைய நிலை கெட்டு வருந்துதல், துய்க்க இல்லாமை என உரையாசிரியர்கள் இவற்றை விளக்குவர். நல்லதங்காளில் வறுமையும் இழவும், அரிச்சந்திரனில் அசைவும் இழவும் எளிதில் தெரியும். திருவாசகத்தில் நான்கும் உண்டு. ஆனால் எல்லாம் பாடுபவரின் மேலேயே வந்து கவிந்திருக்கின்றன. பெருந்துறையில் குருவாக வந்தவர் மற்ற அடியார்களை அழைத்துக்கொண்டு மறைந்தார், இவரை மட்டும் விட்டுச் சென்றார் என்பது மரபு. கிடைத்ததை இழந்தவரின் அழுகை, கிடைக்காதவரின் அழுகையைவிடக் கனமானது. அமைச்சர் பதவியிலிருந்து தெருவுக்கு வந்தது அசைவு. தன்னை நாய் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வது இளிவு. அந்த இளிவை அவருக்குச் செய்பவர் பிறர் அல்லர், அவரே. இலக்கண நூல் எதிர்பாராத இடம் இது.

அழ முடியாதவரின் நூல்

திருவாசகத்தைக் கண்ணீர் நூல் என்று சொல்பவர்கள் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்நூலில் பாடுபவர் அழுகிறார் என்பதைவிட, அழ முடியவில்லையே என்று வருந்துகிறார் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

இதற்குச் சான்றுகள் திருச்சதகத்தில் குவிந்து கிடக்கின்றன. நூறு பாடல்களைப் பத்துப் பத்தாகப் பிரித்த இப்பகுதியில், இரண்டாம் பத்தின் முதல் பாடலே அடியாரைப் போல நாடகம் ஆடிக்கொண்டு வீட்டுக்குள் நுழைய விரைகிறேன் என்று ஒப்புக்கொள்கிறது. மூன்றாம் பத்தில் தன்னை இரும்பால் செய்த பாவை என்கிறார். பாடவில்லை, ஆடவில்லை, அலறவில்லை என்று தன் மேல் குற்றம் சுமத்துகிறார். நான்காம் பத்தாகிய ஆத்தும சுத்தியின் முதல் பாடல் நெஞ்சைப் பார்த்துப் பேசுகிறது. நீ ஆடுவதில்லை, எலும்பு உருகப் பாடுவதில்லை, பதைப்பதில்லை, தெருத்தெருவாகத் தேடி அலறுவதுமில்லை என்று வரிசையாக ‘இல்லை’களை அடுக்கி, அந்த நெஞ்சைப் பிணம் என்று விளிக்கிறது. ஒன்பதாம் பத்தின் கடைசிப் பாடலில், அதாவது தொண்ணூறாவதில், தானும் பொய், நெஞ்சும் பொய், அன்பும் பொய் என்று சொல்லிவிட்டு, அழுதால் மட்டும் உன்னைப் பெறலாம் என்று முடிக்கிறார்.

இந்தப் பாடலை அழுகையின் பெருமையைச் சொல்வதாக மட்டும் மேடைகளில் எடுத்தாள்வது வழக்கம். முதல் மூன்று பொய்களையும் விட்டுவிட்டுக் கடைசிக் கண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளும் வாசிப்பு அது. அன்பே பொய் என்று சொன்னவரின் கண்ணீர் மெய்யாக இருக்குமா என்னும் கேள்வியைப் பாடல் தீர்த்து வைக்கவில்லை. தீர்க்காமல் விட்டதுதான் அதன் வலிமை.

திருப்புலம்பல் மூன்றே பாடல்கள் கொண்ட சிறு பகுதி. அதன் மூன்றாம் பாடலில் உற்றார் வேண்டாம், ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம், கற்றவர்களும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறார். கன்றை ஈன்ற பசுவின் மனம் போலத் தன் மனம் கசிய வேண்டும் என்பதே அது. ஏற்கெனவே கசிந்தவர் அதைக் கேட்க வேண்டியதில்லை. திருவேசறவு தன் மனத்தை இரும்பு என்கிறது. திருவம்மானை கல்லைப் பிசைந்து கனியாக்கியவன் என்று இறைவனைப் பாடுகிறது. உருக்கம் என்பது இந்நூலில் வாசகருக்கோ பாடுபவருக்கோ உரிய திறமை அன்று. வெளியிலிருந்து வரவேண்டிய ஒன்று.

இப்படிப் பார்த்தால் மேலே சொன்ன பழமொழி நூலின் போக்குக்கு நேர்மாறானது. வகுப்பறையில் சிவபுராணத்தை ஒப்பித்துவிட்டு, தனக்கு ஒன்றும் தோன்றவில்லையே என்று வெட்கப்படும் மாணவரைப் பழமொழி வெளியே நிறுத்துகிறது. திருச்சதகமோ அந்த மாணவரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண் கலங்காதவருக்கு இந்நூலில் இடம் இல்லை என்றால், முதலில் வெளியேற வேண்டியவர் இதைப் பாடியவர்தான்.

உவமைகளின் வேலை

நீத்தல் விண்ணப்பம் 50 பாடல்கள் கொண்டது, அந்தாதியாக அமைந்தது, உத்தரகோசமங்கையில் பாடப்பட்டது என்பர். என்னைக் கைவிட்டுவிடாதே என்னும் ஒரே வேண்டுகோளை ஐம்பது முறை சொல்கிறது. ஒரே பேச்சை ஐம்பது முறை கேட்டால் சலிப்பு வரும். வராமல் காப்பவை உவமைகள். இரு முனையிலும் தீப்பற்றிய கட்டைக்குள் அகப்பட்ட எறும்பு, எறும்புகளிடையே சிக்கிய மண்புழு, மத்தில் அகப்பட்ட தயிர் ஆகிய எல்லாமே வீட்டிலும் கொல்லையிலும் தினமும் பார்க்கிறவை. ஐம்புலன் என்னும் ஆற்றின் கரையில் வேர்விட்ட மரம் என்று தன்னைச் சொல்கிறார். வெள்ளத்தில் கரை அரிபட்டு வேர் வெளியே தெரிய நிற்கும் மரத்தை வைகைக் கரையில் கண்டவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. இன்று ஆறு பெரும்பாலும் வறண்டு கிடக்கிறது என்பது வேறு கதை.

முடிவுக்கு முந்தைய பாடலில் கெஞ்சல் திடீரென்று மிரட்டலாகிறது. என்னை விட்டால் ஊர் சிரிக்கும்படி உன்னைப் பைத்தியம் என்று ஏசுவேன். தோல் உடுத்தவன், நஞ்சு தின்றவன், சுடுகாட்டில் ஆடுபவன் என்று எல்லாவற்றையும் சொல்வேன் என்கிறார். நாற்பத்தெட்டுப் பாடல்கள் அழுத பிள்ளை காலை உதைத்துக்கொள்ளும் இடம் இது. அழுகையும் நகைப்பும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடங்கள் தமிழில் குறைவு.

ஆசிரியர்கள் சிரிக்க வேண்டிய இடம் ஒன்றும் உண்டு. போற்றித் திருவகவல் கருவிலிருந்து தொடங்கி ஓர் உயிர் தப்பிப் பிழைக்க வேண்டிய ஆபத்துகளை வரிசைப்படுத்துகிறது. செல்வமும் வறுமையும் இடம்பெறும் அந்த வரிசையில் கல்வியும் ஒரு கடலாக இருக்கிறது.

போப்பின் கண்ணீர்

ஜி.யு. போப் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900இல் ஆக்ஸ்போர்டில் வெளியிட்டார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இலும் நாலடியார் 1893இலும் வந்துவிட்டன. 1820இல் பிறந்தவருக்கு அப்போது வயது எண்பது. இவர் கடிதம் எழுதும்போதெல்லாம் திருவாசகப் பாட்டு ஒன்றை எழுதி, அதில் கண்ணீர் சிந்துவார் என்னும் கதை சொற்பொழிவுகளில் பல வடிவங்களில் உலவுகிறது. கேட்க இனிமையான கதைதான். ஆனால் நூலின் மேன்மைக்கு வெள்ளைக்காரர் ஒருவரின் கண்ணீர்த்துளியைச் சான்றாகக் காட்ட வேண்டியதில்லை. கிறித்தவ குருவான ஒருவர், தன் சமயத்தை விடாமலே, முதுமையில் இவ்வளவு பெரிய நூலை முழுவதும் மொழிபெயர்த்தார் என்பதே பெரிய செய்தி. அதற்கு உழைப்பு வேண்டும், வருடங்கள் வேண்டும். வள்ளலார் இந்நூலை வியந்து ஆளுடைய அடிகள் அருள்மாலை பாடினார். மறைமலையடிகள் அகவல்களுக்கு விரிவுரை எழுதினார். அடிகளின் காலத்தையும் ஆராய்ந்தார். இவர்களின் உருக்கம் உழைப்பாக மாறியது.

இசைக்கும் இதில் பங்கு உண்டு. ஓதுவார்கள் திருவாசகத்தை மோகனத்தில் பாடுவது மரபு. அழுகைக்கு உரியதாகப் பொதுவாகச் சொல்லப்படாத இராகம் அது. 2005இல் இளையராஜா புடாபெஸ்ட் இசைக்குழுவுடன் சில பாடல்களுக்கு இசையமைத்து வெளியிட்டார். அதைக் கேட்டு நூலுக்கு வந்தவர்கள் உண்டு. கேட்டதோடு நின்றவர்கள் அதிகம். சைவ வீடுகளில் இறப்பு நேர்ந்தால் சிவபுராணம் ஓதுவர். அங்கே வரும் கண்ணீர் எவ்வளவு பாட்டுக்கு, எவ்வளவு போனவருக்கு என்று பிரிக்க முடியாது.

குறைகள்

நூலின் பிற்பகுதியில் உள்ள சில பதிகங்கள் முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்கின்றன. முற்றோதலில் ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்பவருக்கு அது தெரியாது; தனியே உட்கார்ந்து வாசிப்பவருக்குத் தெரியும். இன்னொன்று பெரிய குறை. தன் வீழ்ச்சிக்குக் காரணம் சொல்லும் இடங்களில், குறிப்பாக நீத்தல் விண்ணப்பத்தில், பெண்ணுடலின் மேல் பழி விழுகிறது. உரையாசிரியர்கள் இதைப் புலனாசை என்று பொதுமைப்படுத்திக் கடந்துவிடுவர். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவியால் அப்படிக் கடக்க முடியாது. கடக்கச் சொல்வதும் நேர்மையன்று.

வியப்பு என்னவென்றால், இதே நூல்தான் பெண்களின் விளையாட்டுகளையும் வேலைகளையும் பாட்டின் வடிவமாக எடுத்துக்கொண்டது. அம்மானை ஆடுதல், பொற்சுண்ணம் இடித்தல், பூக்கொய்தல், ஊசல் ஆடுதல், மார்கழியில் தோழியை எழுப்புதல் எல்லாம் இதில் உண்டு. திருச்சாழலில் ஒருத்தி சிவனின் கோலத்தைக் கேலி செய்கிறாள், இன்னொருத்தி விடை சொல்கிறாள். இங்கெல்லாம் பேசும் குரல் பெண்ணுடையது. தன்னிரக்கம் குறைவு, துணிச்சல் அதிகம். மண் சுமந்தவனின் புண்ணைக் கண்டதும் இப்படிக் காய் எறிந்து விளையாடும் பெண்ணின் வாயால்தான். வந்தியைப் போன்ற ஒருத்தியின் கண் அது. முதன்முறை வாசிப்பவர்கள் திருவம்மானையின் இருபது பாடல்களில் தொடங்கி, அதன் பிறகு திருச்சதகத்துக்குப் போகலாம். சிவபுராணத்தின் 95 அடிகள் பெரும்பாலானோருக்கு ஏற்கெனவே மனப்பாடம். அவற்றைக் கடைசியில் மெதுவாக வாசித்துக்கொள்ளலாம்.