மூன்று பேர் இல்லாத குழு: ஒரு தணிக்கை அறிக்கையை எண்ணூரிலிருந்து வாசித்தல்

நாவல் ஒன்றைப் பற்றி எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். அது பாதியில் கிடக்கிறது. சில வாரங்களாக நான் படித்துக்கொண்டிருப்பது 2022-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் அறிக்கை. சி.ஏ.ஜி. என்று செய்தித்தாள்கள் சுருக்கும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், கடலோரச் சூழலமைப்புகளின் பாதுகாப்பு பற்றித் தயாரித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2015 முதல் 2020 வரை ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் கடற்கரையை என்ன லட்சணத்தில் காத்தது என்று பார்ப்பதுதான் அதன் வேலை.

அறிக்கையை இலக்கிய இதழில் விமர்சிப்பாயா என்று நண்பர் சிரித்தார். ஏன் கூடாது? எழுதியவர் இருக்கிறார், சொல்முறை இருக்கிறது, சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. திருவொற்றியூரில் வளர்ந்தவனுக்கு இப்படிப்பட்ட உரைநடை புதிதும் இல்லை. எங்கள் பக்கத்து ஆறும் காற்றும் நாற்பது ஐம்பது வருஷமாக இந்த மொழியில்தான் எழுதப்பட்டு வருகின்றன.

முதலில் அறிக்கையின் நேர்மையைச் சொல்லிவிட வேண்டும். தேசியக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தை நிரந்தர அமைப்பாக அமைச்சகம் அறிவிக்கவே இல்லை என்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப அமைப்பது, உறுப்பினர் யார் என்ற வரையறை இல்லாமல் தற்காலிகமாக ஓட்டுவது, இப்படியே போயிருக்கிறது. கர்நாடகத்தில் மாநில ஆணையம் மறுபடி அமைக்கப்படவில்லை. கோவா, ஒடிசா, மேற்கு வங்கத்தில் தாமதம். திட்டங்களுக்கு அனுமதி தரலாமா என்று பரிசீலிக்கும் நிபுணர் குழு, பாதிப் பேர்கூட இல்லாமல் உட்கார்ந்து பேசியிருக்கிறது. அங்கீகாரம் இல்லாத ஆலோசகர்கள் தயாரித்த, பழைய தரவுகளை வைத்து எழுதிய தாக்க மதிப்பீடுகள் இருந்தும் அனுமதி கிடைத்திருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைக் காக்கத் தமிழ்நாட்டிடம் ஒரு உத்தி இல்லை. குரலை உயர்த்தாமல் அறிக்கை இதையெல்லாம் எழுதிக்கொண்டே போகிறது. நம்மூர்ச் சூழலியல் கட்டுரைகளில் பாதி, ஆச்சரியக்குறிகளிலேயே மூச்சு வாங்கும். இந்த நிதானத்திடம் நாம் கற்றுக்கொள்ளலாம்.

அந்த வரிசையில் ஒரு விஷயம் வருகிறது. ஆந்திரத்தில் மாவட்ட அளவிலான குழுக்கள் அமைக்கப்படவே இல்லை. தமிழ்நாட்டில் குழுக்கள் இருந்தன, ஆனால் பாரம்பரியக் கடலோரச் சமூகங்களின் பங்கேற்பு இல்லை. நான் நின்றது இங்கேதான்.

2011 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை, மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும் என்றது. மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பேர் அதில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. மூன்றே பேர். மற்ற இடங்களில் எல்லாம் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் இந்த மூன்றின் கனம் புரியும். தமிழ்நாடு மாநில ஆணையத்துக்குத் தலைவர் சுற்றுச்சூழல் துறைச் செயலாளர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதே துறையின் கீழ்தான். எண்ணூரில் ஆற்றோரம் நிற்கிற வட சென்னை அனல்மின் நிலையம் மாநில அரசின் மின் நிறுவனத்துடையது. காமராஜர் துறைமுகம் ஒன்றிய அரசுடையது. அனுமதி பெற்ற நிறுவனம், நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கிறோமா என்ற அறிக்கையைத் தானே எழுதி ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 31 என்று தேதி போட்டுக் கொடுக்க வேண்டும். கேட்பவர், கொடுப்பவர், கண்காணிப்பவர், மதிப்பிடுபவர் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வீட்டு ஆட்கள். வெளியாள் உள்ளே வர இருந்த ஒரே வாசல் அந்த மூன்று பேர்தான். அறிக்கை இதைக் கோரம் குறைந்த கூட்டங்களின் வரிசையில் இன்னொன்றாக வைத்துவிட்டு நகர்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. நிபுணர் வராத கூட்டத்தில் ஒரு கருத்து குறையும். மீனவர் வராத குழுவில் ஆறே உள்ளே வராது.

தணிக்கை என்ற தொழிலின் இயல்பு இது. என்ன செய்யச் சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்று ஒப்பிடுவது. ஒப்பிட ஏதாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத்தில் ஏறாதது நடக்காததற்குச் சமம்.

எழுத்தில் ஏறியதும் இறங்கிப் போகலாம். 1996-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலையாக, பாதுகாக்க வேண்டிய இடமாக இருந்தது. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளியே வந்த இன்னொரு வரைபடம் 2009-ஐச் சேர்ந்தது. அதில் கழிமுகத்தின் பெரும்பகுதி இல்லை. ஏறத்தாழ 6,500 ஏக்கர் என்று செயற்பாட்டாளர்கள் கணக்குச் சொன்னார்கள். இரண்டாவது வரைபடத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எண்ணூரில் தணிக்கை செய்தால் விதிமீறலே கண்ணில் படாது. அங்கே மீறுவதற்கு ஆறு ஏது? அதே ஆண்டு ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வந்தது. கபேர் வாசுகி எழுதியது. சாம்பல் மேட்டில் நின்று கர்நாடக இசையா என்று அப்போது நானும் முகம் சுளித்தேன். இப்போது தோன்றுகிறது, புறம்போக்கு என்ற வசைச்சொல்லைத் திரும்ப நிலத்தின் பெயராக்கியதில் அந்தப் பாட்டு ஒரு பதிவேட்டு வேலையைத்தான் செய்திருக்கிறது.

பாட்டு வெளியான அதே மாதக் கடைசியில், 28-ஆம் தேதி, துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குச் சேதம் எதுவும் இல்லை என்று முதலில் அறிக்கை வந்தது. அதற்கப்புறம் வாளி வாளியாக எண்ணெய்ச் சேற்றை அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றுக்கு வந்தது. இறகெல்லாம் கறுத்த கூழைக்கடாக்களின் படங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாநில அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. கூட்டிப் பார்த்தேன், கணக்குச் சரியாக வருகிறது. அந்தச் சமயத்தில் அந்தப் பணம் தேவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு ஒரு தணிக்கையாளர் வந்தால் அவர் சரிபார்க்கக்கூடியது இந்தப் பட்டியலைத்தான்: பணம் போய்ச் சேர்ந்ததா, ஒரே ஆள் இரண்டு முறை வாங்கினாரா. சேற்றுக்குள் எண்ணெய் எவ்வளவு ஆழம் இறங்கியது, இறால் குஞ்சு எப்போது திரும்ப வந்தது என்பதற்கெல்லாம் அந்தப் பட்டியலில் வரி கிடையாது.

காக்கா ஆழியையும் சொல்ல வேண்டும். தென் அமெரிக்கக் கரையிலிருந்து கப்பல்களின் பல்லாஸ்ட் தண்ணீரோடு வந்திருக்கும் என்று கருதப்படும் சிப்பி. ஆற்றின் அடித்தரையைப் பாய் விரித்ததுபோல மூடிவிடும். இறால் மேய இடமிருக்காது. கறுத்துக் கிடப்பதால் காக்கா என்று பெயர் வைத்தது ஆற்றில் இறங்குகிறவர்கள்தான். அதை எந்தத் துறை அகற்றுவது என்ற கேள்வி பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. காலால் அதை மிதித்தவர்கள் மூன்று பேர் ஒரு குழுவில் இருந்து, அவர்கள் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியிருந்தால்? அப்போது அது ஒரு தேதி. பிறகு வரும் எந்தத் தணிக்கையும், இன்ன நாளில் சொன்னார்களே, என்ன செய்தீர்கள் என்று கேட்க முடியும்.

இந்த நினைப்போடு முகத்துவாரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணனிடம் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஒன்றும் உற்சாகம் வரவில்லை.

“மூணு பேர் போயி இன்னா பண்றது தம்பி? அவங்க இங்கிலீஷ்ல படிப்பாங்க, நாங்க டீய குடிச்சிட்டுத் தலையாட்டினு வரணும்.”

“நீங்க சொல்றத எழுதிக்கணும்ணே, அதான் ரூல்.”

“சரி, எந்த மூணு பேரு? வலைக்காரனா, போட்டுக்காரனா? கையால தடவி எறா புடிக்கிறவங்க இருக்காங்களே, அவங்களா? மார்க்கெட்ல குந்தினு விக்கிற பொம்பளைங்களா? ஊர்ல பெரியவங்கதான் போவாங்க. தண்ணி சுடுதுன்னு மொதல்ல தெரியறது அவங்களுக்கா?”

பதில் இல்லை என்னிடம். கழிமுகத்தில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்குப் பாடு என்ற முறை இருக்கிறது. அந்த முறைக்குள் இருக்கிறவர்கள், வெளியே இருக்கிறவர்கள் என்று பிரிவும் இருக்கிறது. இருளர்கள் படகும் வலையும் இல்லாமல் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் பிடிக்கிறவர்கள். அனல்மின் நிலையத்து வெந்நீரும் சாம்பலும் முதலில் தொடுவது அவர்கள் உடம்பைத்தான். 787 படகுகள் என்ற கணக்கில் படகில்லாதவர் வர முடியாது. ‘பாரம்பரியச் சமூகங்கள்’ என்று அறிவிக்கையும் அறிக்கையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டதை நானும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

ஆனாலும் என் கட்சியை விடவில்லை. அவர் சொன்னது எல்லாமே, ஒரு கூட்டத்தில் சொல்லப்பட்டு, பிடிக்காத ஒரு அலுவலரின் கையெழுத்தில் பதிவானால் போதும். “தண்ணீர் சுடுகிறது” என்ற இரண்டு சொல் கோப்பில் இருந்தால் அதை மறைக்க இன்னொரு கோப்பு வேண்டும். தணிக்கை அறிக்கை பிடிக்கத் தெரிந்தது அந்த மாதிரி முரண்களைத்தான், அதில் அது கெட்டி. அதன் முன்னால் வைக்க நம்மிடம் எழுத்து இல்லை என்பதுதான் சங்கடம்.

அவரிடம் சொன்னேன். வலையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “அந்தப் பேப்பர்ல எங்களப் பத்தி வர்ற எடத்த மட்டும் தமிழ்ல எழுதிக் குடு. ஊர்க் கூட்டத்துல படிக்கலாம். எந்த மூணு பேருன்னு அங்கயே சண்ட போட்டுக்கறோம்” என்றார்.

மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இடம் சிறியதுதான். ஆனால் பங்கேற்பு என்று எழுதினால் அவர் என்ன பங்கு என்று கேட்பார். ‘கூப்பிடவில்லை’ என்று எழுதலாமா என்றால், கூப்பிட்டார்களா இல்லையா என்பது அந்த ஆங்கில வாக்கியத்தில் இல்லை. இப்போதைக்கு ‘ஆள் இல்லை’ என்று போட்டு வைத்திருக்கிறேன்.