சரியும் ஓகேயும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, தாமல் கிராமத்தை ஒட்டிப் பெங்களூர் நெடுஞ்சாலை போகிறது. அங்கே கொஞ்ச நேரம் நின்றால் வடநாட்டு லாரிகளின் முதுகில் 'ஹாரன் ஓகே ப்ளீஸ்' என்று எழுதியிருப்பதைப் படிக்கலாம். ஹாரன் அடி என்கிறான், புரிகிறது. தயவுசெய்து என்கிறான், அதுவும் புரிகிறது. நடுவிலே 'ஓகே' எதற்கு? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வீண் சத்தத்துக்குத் தூண்டுகிறதென்று மகாராஷ்டிர அரசு 2015-ல் அந்த வாசகத்தைத் தடை செய்தது. அப்போதும் கோபமெல்லாம் ஹாரன் மேல்தான். ஓகேயின் மேல் இல்லை.

அதன் பிறப்பே ஒரு வேடிக்கை. 1839 மார்ச் 23-ல் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்றில் அது அச்சேறியது. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அதன் முதலெழுத்துக்களைச் சேர்த்த விளையாட்டு. எழுத்து இரண்டும் பிழை. அர்த்தம் மட்டும் 'எல்லாம் சரி'! ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் இதைத் துருவிக் கண்டுபிடித்து எழுதியது 1963, 64-ல். அதற்குள் சொல் உலகத்தையே சுற்றி வந்துவிட்டது.

நம்மிடம் அது படும் பாட்டைப் பாருங்கள். படப்பிடிப்பில் டைரக்டர் 'ஓகே' என்றால் காட்சி முடிந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் 'ஓகே' என்றால் பிழைத்தோம். சாம்பார் எப்படி என்று கேட்ட மனைவியிடம் 'ஓகே' என்றாலோ, சாம்பாரும் சுமார், அன்றைய சாயங்காலமும் சுமார். போனில் 'ஓகே, ஓகே' என்று இரண்டு தரம் வந்தால், பேச்சை நிறுத்து என்று அர்த்தம்.

இவ்வளவையும் பிரித்துக் காட்டுவது குரல். அச்சுக்குக் குரல் கிடையாது. இன்றைய நாவல்களில் எனக்குள்ள குறை இதுதான். கதாநாயகி ஆட்டோக்காரரிடம் ஓகே என்கிறாள், மானேஜரிடம் ஓகே என்கிறாள், அம்மாவிடமும் ஓகே. பிறகு பெண் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அப்பா கேட்கிறார்: "என்னம்மா சொல்றே?"

"ஓகேப்பா."

'சரிப்பா' என்று அவள் சொல்லியிருந்தால் ஒரு தீர்ப்புச் சொன்னவளாவாள். சரி என்றால் எதிரே தப்பு என்று ஒன்று நிற்கிறது. ஓகேக்கு எதிரே ஒன்றும் இல்லை. பிடித்திருக்கிறதா, தலைவிதியா என்று சொல்லாமலே ஒதுங்கிக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. அங்கே அந்தச் சொல் பொன்னான சொல். அதற்கு முன் ஐம்பது பக்கமும் அதையே இறைத்த ஆசிரியருக்கு இது கிட்டாது. வாசகர் தாண்டிப் போய்விடுவார்.

தூய தமிழ் அன்பர்கள் அதை அடித்துவிட்டு 'சரி' போட்டாலும் கெட்டுத்தான் போகும். சரியும் லேசுப்பட்டதல்ல. 'சரி, விடு' வேறு, 'சரிதான் போ' வேறு. 'சரியாப் போச்சு' என்றாலோ ஒன்றுமே சரியில்லை.

அந்த அப்பா இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். நான் படித்த கதைகளில் அப்பாக்கள் கேட்பதில்லை. உடனே ஜோசியருக்குப் போன் போட எழுந்துவிடுகிறார்கள்.