அழுகை மெய்ப்பாடும் ரெபினின் இரு ஓவியங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு உருசிய நடப்பியல் ஓவியங்களின் உணர்ச்சி வலிமைக்கு வறுமை, சமூகக் கொடுமை ஆகிய பாடுபொருள்களையே காரணமாகச் சுட்டுதல் பெருவழக்கு. அது முழு விடையன்று. உள்ளத்து நிகழ்வு உடலின்வழிப் புலப்படுதலாகிய மெய்ப்பாடு செய்யுளுக்கென வகுக்கப்பட்டதாயினும், ஓவியத்திற்கும் அதனைப் பொருத்திக் காண இடமுண்டு.

தொல்காப்பியம் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறும். வறுமையின் வேறானது அசைவு. முன்னை நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என அதற்குப் பேராசிரியர் பொருள் கொள்வர். இன்றைய உக்ரைனிலுள்ள சுகுயிவில் 1844இல் பிறந்த இலியா ரெபின் 1870 முதல் 1873 வரை தீட்டிய 'வோல்காவில் படகிழுப்போர்' ஓவியத்தை இவ்வேறுபாடு புதிதாகக் காட்டுகிறது. அதில் பதினொருவர் வார்பூட்டிப் படகிழுக்கின்றனர். கந்தல் அனைவர்க்கும் பொது. ஆயின் முன்னே குனிந்து வரும் கானின் குருப்பட்டம் இழந்த முன்னாள் பாதிரியார். அவன் கண்களில் நிற்பது பசியன்று. தான் யாராக இருந்தோம் என்னும் நினைவு. நடுவிலுள்ள இளைஞன் மட்டும் தலைநிமிர்ந்து தோள்வாரைப் பற்றுகிறான். அசைவு அவனிடம் இன்னும் முற்றவில்லை.

1885இல் மக்கள் பார்வைக்கு வந்த 'இவானும் அவன் மகனும்' இழவு பற்றியது. 1581இல் தன் கைக்கோலால் மகனை வீழ்த்திய பேரரசன், குருதி வழியும் தலையை அணைத்துக் கொண்டிருக்கிறான். இழந்தவனும் இழப்பித்தவனும் ஒருவனே. சிலப்பதிகாரப் பாண்டியன் தன் பிழை உணர்ந்த கணத்தே உயிர்நீத்தான். இவானுக்கு அந்த விடுதலை இல்லை. அவன் 1584 வரை வாழ்ந்தான். ரெபின் தேர்ந்தது செயலையன்று, செயலுக்கு அடுத்த கணத்தை. இவ்வோவியத்தின் முழு ஆற்றலும் அத்தேர்விலேயே உள்ளது என்பது என் கருத்து.

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களில் மகப்பேறு வேண்டி வேள்வி செய்யும் தயரதனைக் காணலாம். மகனைப் பிரிந்து மாளப்போகும் தந்தை அவன். எனினும் அந்த நீள்விழிகள் அவனுக்கே உரியவை அல்ல. அங்கு மெய்ப்பாடு மரபின் பொதுச்சொத்து. இதனைக் குறை எனல் பொருந்தாது. 1937இல் அங்கு வந்த அம்ரிதா ஷேர்கில், பாரிசில் நடப்பியல் பயின்றவராயிருந்தும், அவற்றைப் பெரிதும் வியந்தார். ரெபினிடமோ முகம் தனியொருவனுடையது. இறக்கும் மகனுக்கு மாதிரியாக அமர்ந்தவர் எழுத்தாளர் கார்சின்.

தன் துயரால் அழுதலும் பிறர் துயர் கண்டு அழுதலும் என அழுகையைப் பேராசிரியர் இரண்டாக்கிப் பின்னதைக் கருணை என்பர். அக்கருணை எல்லாப் பார்வையாளரிடத்தும் விளைவதில்லை. மூன்றாம் அலெக்சாந்தர் இவ்வோவியத்தைச் சில மாதங்கள் காட்சிக்கு வைக்கத் தடைவிதித்தான். 1913இல் பலாஷோவ் என்னும் இளைஞன் மாஸ்கோ திரெத்தியாக்கோவ் கூடத்தில் அதனைக் கத்தியால் மும்முறை கிழித்தான். வெட்டுகள் விழுந்தவை முகங்களிலேயே.